கதவைத் திறந்த டாக்டரம்மா: நம்மூர் முத்துலட்சுமி ரெட்டி



ஜூலை மாதத்தில் நம்மூர்க்காரர் ஒருவருக்கு உரிய இரண்டு நாட்கள் வருகின்றன. ஜூலை 22 அவர் மறைந்த நாள். ஜூலை 30 அவர் பிறந்த நாள். 2019 முதல் ஜூலை 30-ஐ அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறார்கள். அவர் பெயரில் அரசு ஒரு மகப்பேறு நிதியுதவித் திட்டம் நடத்துகிறது. நம் குடியிருப்பில் வேலைக்கு வரும் பெண்களில் சிலராவது அந்த விண்ணப்பத்தை நிரப்பியிருப்பார்கள். நீங்களே அவர்களுக்காக நிரப்பிக் கொடுத்தும் இருக்கலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயர் அந்தப் படிவத்தின் தலைப்பில் இருக்கும்.

பெயர் தெரியும், ஊரும் தெரியும். ஆனால் அவர் என்ன செய்தார் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் முதல் பெண் டாக்டர் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வரியும் சரியானதில்லை. இந்தியப் பெண்களில் ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்குலியும் மருத்துவராகத் தேறியது 1886-ல். நம் முத்துலட்சுமி பிறந்ததே அந்த ஆண்டில்தான். அவருடைய பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. குழந்தை என்பது பெற்றவருக்கோ, கோயிலுக்கோ, கடன் கொடுத்தவருக்கோ சொத்து இல்லை என்பதைச் சட்டமாக்கப் பாடுபட்டவர் அவர். சட்டம் மட்டும் போதாது என்று தெரிந்ததும் தன் வீட்டுக் கதவையே திறந்துவிட்டார். இந்த இதழில் அந்தக் கதையைச் சொல்கிறேன்.

சமஸ்தானத்துச் சிறுமி

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் முத்துலட்சுமி பிறந்தார். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் பட்டத்துக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். அந்த மன்னர் இந்தக் கதையில் இன்னொரு முறை வருவார்.

தந்தை நாராயணசாமி ஐயர் இங்குள்ள மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குடும்பத்தில், தேவதாசி மரபில் வந்தவர். இந்தத் திருமணத்தை ஐயரின் உறவினர்கள் ஏற்கவில்லை, அவரை ஒதுக்கிவைத்தார்கள். முத்துலட்சுமி வளர்ந்தது இப்படிப்பட்ட வீட்டில். தந்தை பக்கத்து உறவு வாசல்கள் அடைத்திருந்தன. தாய்வழி மரபில், சின்னஞ்சிறு பெண்ணுக்குக் கோயிலில் பொட்டுக்கட்டிவிடும் வழக்கம் இருந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில், படிப்பு என்ற ஒரே ஜன்னலைத் தந்தை அவருக்குத் திறந்துவைத்தார்.

வயதுக்கு வந்த பெண் பள்ளிக்குப் போகக் கூடாது என்பது அன்றைய ஊர்க்கட்டு. எனவே வீட்டிலேயே பாடம் நடந்தது. 1902-ல் மெட்ரிகுலேஷன் தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தேறினார். அவர் வயதுப் பெண்கள் பலர் அப்போது இடுப்பில் குழந்தையோடு இருந்திருப்பார்கள்.

மன்னர் திறந்த கதவு

அடுத்து கல்லூரி. இன்று மாட்சிமை தங்கிய மன்னர் கல்லூரி என்று நாம் பேருந்தில் இறங்கும் இடம்தான் அது. அன்று அங்கே பெண் ஒருவரும் படித்ததில்லை. முத்துலட்சுமியின் விண்ணப்பம் வந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. ஒரு பெண் வகுப்பில் உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். தாயாரின் குலத்தையும் இழுத்துப் பேசினார்கள்.

விஷயம் மன்னரிடம் போனது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார், உதவித்தொகையும் கொடுத்தார். மூடிய வண்டியில் வந்து, மாணவர்கள் பார்வையில் படாதபடி மறைவில் உட்கார்ந்து பாடம் கேட்டு, அதே வண்டியில் திரும்பினார் அந்தப் பெண். நம் ஊரில் இன்று காலை எட்டரை மணிக்குச் சீருடையில் சைக்கிளும் ஸ்கூட்டியுமாகப் போகும் பெண்பிள்ளைகளைப் பார்க்கும்போது இந்த மூடுவண்டியையும் ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் குறைவு.

இந்த அனுபவத்தில் ஒரு பாடம் இருந்தது. திறமையும் விருப்பமும் இருந்தாலும், அதிகாரத்தில் உள்ள ஒருவர் கதவைத் திறந்துவிடாவிட்டால் உள்ளே போக முடியாது. பிற்பாடு தாமே அதிகாரத்துக்கு வந்தபோது முத்துலட்சுமி இதை மறக்கவில்லை என்பதை அவர் செய்த காரியங்களே காட்டுகின்றன.

ஆலைச்சங்கு ஊதிய நகரம்

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். புதுக்கோட்டையிலிருந்து போன பெண்ணுக்கு அந்த நகரம் வேறு உலகம். பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்ஹாம் மில், கர்நாடிக் மில் என்ற இரண்டு பெரிய பஞ்சாலைகள். மக்கள் வாயில் பி அண்ட் சி மில், பின்னி மில். பக்கத்திலேயே ரயில்வே பட்டறைகள். விடியுமுன் சங்கு ஊதும். ஆலைக்குள் போகிறவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள்.

அன்றைய சட்டம் சிறுவர்களை எப்படிப் பார்த்தது என்பதை எண்களில் பாருங்கள். 1881-ன் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயது நிறையாதவரை ஆலையில் சேர்க்கக் கூடாது என்றது. அதாவது ஏழு வயதானால் சேர்க்கலாம். நாளைக்கு ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம். 1891-ல் வயது வரம்பு ஒன்பது ஆனது, வேலை நேரம் ஏழு மணியாகக் குறைந்தது. 1922-ல் குறைந்தபட்ச வயது பன்னிரண்டு, நேரம் ஆறு மணி. நாற்பது ஆண்டுகளில் ஐந்து வயது ஏறியது. அதுவும் பெரிய ஆலைகளுக்கு மட்டும். ஆய்வாளர் கண்ணில் படாத சிறு பட்டறைகளில் எந்தக் கணக்கும் இல்லை.

ஆலைச் சிறுவர்களில் பலர் அரைநேரத் தொழிலாளர்கள். பாதி நாள் தறியருகில், மீதி நேரம் வெளியில். பி அண்ட் சி மில் 1904-ல் அவர்களுக்காக ஒரு பள்ளி தொடங்கியது. 1920-ல் சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கில் ஒரு பள்ளியில் மதிய உணவு கொடுக்க ஆரம்பித்தது. பசியோடு இருக்கும் பிள்ளை பள்ளியில் தங்காது என்பதை நகரம் அப்போதே புரிந்துகொள்ளத் தொடங்கியிருந்தது. பின்னால் காமராஜர், எம்.ஜி.ஆர் காலத்துச் சத்துணவுக்கும் இன்றைய காலை உணவுக்கும் இதுவே முன்னோடி.

அதே 1920-ல் சென்னை மாகாணம் இன்னொன்றையும் செய்தது. குழந்தைகளுக்கென்றே தனிச் சட்டம் ஒன்றை இந்தியாவிலேயே முதலில் கொண்டுவந்தது. தெருவில் ஆதரவற்றுத் திரியும் பிள்ளையையும் குற்றம் செய்த பிள்ளையையும் பெரியவர்களின் சிறையில் போடாமல், தனி நீதிமன்றத்தில் நிறுத்தி, சான்று பெற்ற பள்ளிகளுக்கு அனுப்ப அது வழி செய்தது. வங்காளம் 1922-லும் பம்பாய் 1924-லும்தான் இதைப் பின்பற்றின.

சட்டம் முன்னால் போனது. வாழ்க்கை பின்தங்கி நின்றது. நகரத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று முதல் பிறந்தநாளைக் காணாத காலம் அது. இந்த நகரத்தில்தான் நம் முத்துலட்சுமி டாக்டரானார்.

மருத்துவமும் இல்லறமும்

1912-ல் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றினார். பிரசவ வார்டு என்பது சமூகத்தின் எக்ஸ்ரே படம் மாதிரி. பதின்மூன்று பதினான்கு வயதில் தாயாகும் பெண், பால் சுரக்காத தாய், எடை குறைந்த சிசு என்று எல்லாம் அங்கே வந்து சேரும். குழந்தைத் திருமணத்தைப் பற்றி அவர் பிறகு பேசியதற்கெல்லாம் அடிப்படை ஒரு மருத்துவர் நேரில் பார்த்த உண்மை.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். சாதி கடந்த பதிவுத் திருமணம். என்னைச் சமமாக மதிக்க வேண்டும், என் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்ட திருமணம் அது. ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரண்டு மகன்கள். இளையவரின் பெயரைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இடையில் ஒரு துயரம். தங்கை ஒருவர் புற்றுநோயால் இறந்தார். முதலில் நோய் இன்னதென்றே கண்டுபிடிக்கப்படவில்லை. வேறு நோய்க்கு வைத்தியம் நடந்தது. டாக்டராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காப்பாற்ற முடியவில்லை என்ற வலி அவரை விட்டு நீங்கவே இல்லை.

1925-ல் அரசு உதவித்தொகையுடன் இங்கிலாந்து போய், பெண்கள் நோய்களிலும் குழந்தைகள் நோய்களிலும் மேற்பயிற்சி பெற்றார். கணவரும் பிள்ளைகளும் உடன் போனார்கள். நல்ல வருமானமுள்ள டாக்டராகத் திரும்பி வந்து நிம்மதியாக இருந்திருக்கலாம். விதி வேறு மாதிரி இருந்தது.

சட்டமன்றத்தில் ஒரே பெண்

1917-ல் அடையாற்றில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம், சட்டமன்றத்தில் பெண்ணுக்கு இடம் வேண்டும் என்று கேட்டுவந்தது. 1926 இறுதியில் முத்துலட்சுமி சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் அவர்தான். 1927-ல் உறுப்பினர்கள் அவரையே துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

பதவி பெரியது, ஆனால் அந்த மன்றத்தில் அவர் ஒருவர்தான் பெண். அவர் கொண்டுவந்தவற்றைப் பாருங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும். நகராட்சிப் பள்ளிகளில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டும். ஏழைப் பெண்பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை வேண்டும். இன்று நம் பிள்ளையின் பள்ளியில் கண், பல், எடை பார்த்து அட்டையில் எழுதி அனுப்புகிறார்களே, அது இயல்பாக வந்த வழக்கம் என்று நினைக்கிறோம். ஒரு காலத்தில் அதைச் சட்டமன்றத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டியிருந்தது.

1928-ல் திருமண வயதைப் பற்றிப் பேசினார். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 16 என்று உயர்த்த வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த தீர்மானம். அடுத்த ஆண்டு நிறைவேறிய சாரதா சட்டம் ஆணுக்கு 18, பெண்ணுக்கு 14 என்று நின்றுகொண்டது. 1930 ஏப்ரல் முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தது. இன்றைய சட்டத்தில் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18. நம்மூர் டாக்டரம்மா கேட்டதையும், கேட்டதற்கு மேலேயும் நாடு தர அரை நூற்றாண்டு ஆனது.

பொட்டுக்கட்டு என்ற வழக்கம்

அவர் பெயரோடு என்றும் சேர்த்துச் சொல்லப்படுவது தேவதாசி ஒழிப்பு. அதில் குழந்தை எங்கே வருகிறது என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடப்படுபவர் பெரும்பாலும் வயதுக்கு வராத சிறுமி. அவளிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. கோயில் சேவைக்கு ஈடாகக் குடும்பத்துக்கு இனாம் நிலம் இருக்கும். அந்த நிலம் கையில் நிலைக்க வேண்டுமானால் அடுத்த தலைமுறையிலும் ஒரு பெண் பொட்டுக்கட்டிக்கொள்ள வேண்டும். நிலத்துக்கு ஒரு பெண் குழந்தை பிணை. வழக்கத்தின் கணக்கு இதுதான்.

முத்துலட்சுமி இந்தக் கணக்கை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். அது அவர் தாய்வழிக் கதையல்லவா! 1927 நவம்பரில் சிறுமிகளைக் கோயிலுக்கு அர்ப்பணிப்பதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்ற தீர்மானத்தை மன்றம் நிறைவேற்றியது. 1929-ல் இந்து அறநிலையச் சட்டத்தில் திருத்தம் வந்தது. இனாம் நிலம் வைத்திருக்கும் பெண்கள் சேவைக் கடமையிலிருந்து விடுபட்டு நிலத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று அது சொன்னது. நிலம் போய்விடும் என்ற பயம் இல்லாவிட்டால் மகளைக் கோயிலுக்கு விடவேண்டிய கட்டாயமும் இல்லை. தண்டனையைவிட முதலில் முடிச்சை அவிழ்ப்பதுதான் அவர் வழி.

எதிர்ப்பு பல பக்கத்திலிருந்து வந்தது. மரபைக் காப்பதாகச் சொன்ன பெரிய மனிதர்கள் எதிர்த்தார்கள். தேவதாசிப் பெண்களிலும் சிலர் எதிர்த்தார்கள். எங்கள் கலையையும் சொத்துரிமையையும் கெடுக்காதீர்கள், எங்களை எல்லாம் ஒரே தராசில் நிறுக்காதீர்கள் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயமும் இருந்தது. ஆய்வாளர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். ஆனால் ஏழெட்டு வயதுச் சிறுமியின் வாழ்க்கையை அவளைக் கேட்காமல் எழுதிக்கொடுக்கலாமா என்ற கேள்விக்கு எதிர்த்தரப்பில் யாராலும் சரியான பதில் சொல்ல முடியவில்லை.

பொட்டுக்கட்டுவதையே முழுவதும் தடைசெய்யும் மசோதாவையும் அவர் கொண்டுவந்தார். அதற்குள் 1930 மே மாதம் காந்தியடிகள் கைதானார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி சட்டமன்றப் பதவியை விட்டு விலகினார். அந்தத் தடைச் சட்டம் நிறைவேற 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று. இந்தச் சட்டங்களெல்லாம் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிக்கானவை. புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். 1948 மார்ச் 3-ல்தான் இந்தியாவோடு இணைந்தது. மாகாணத்துக்கே சட்டம் செய்தவரின் பிறந்த ஊருக்கு அந்தச் சட்டங்கள் தாமாகச் செல்லாது என்ற நிலை அதுவரை இருந்தது.

வாசலில் நின்ற மூவர்

இனிதான் கதையின் முக்கியமான இடம்.

பொட்டுக்கட்டு வாழ்க்கை வேண்டாம் என்று வீட்டைவிட்டு வெளியேறிய மூன்று இளம்பெண்கள் முத்துலட்சுமியின் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நீங்கள்தானே எங்களுக்காகப் பேசினீர்கள், இனி நாங்கள் எங்கே போவது என்பதுதான் அவர்கள் வந்து நின்றதன் பொருள். அவர்களைப் படிக்கவைக்க விடுதிகளில் இடம் தேடினார். இடம் கிடைக்கவில்லை. அவர்கள் பிறந்த குலம்தான் காரணம். பிராமணப் பெண்களுக்கான விடுதியிலும் இடமில்லை, மற்றப் பெண்களுக்கான விடுதியிலும் இடமில்லை.

சட்டம் சொல்லிவிட்டது, விடுதலை என்று. ஆனால் அன்றிரவு தூங்க ஓர் இடம் சட்டத்திடம் இல்லை.

அவர்களைத் தன் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார். 1930-களின் தொடக்கத்தில் இப்படித்தான் அவ்வை இல்லம் பிறந்தது. மூன்று பேர் பத்துப் பேரானார்கள். ஆதரவற்ற சிறுமிகள், கைவிடப்பட்ட பெண்கள் என்று வர ஆரம்பித்தார்கள். சாதி கேட்கப்படவில்லை. அவர்களைப் படிக்கவைத்தார், நர்ஸ் வேலை, ஆசிரியப் பயிற்சி, கைத்தொழில் என்று சொந்தக் காலில் நிற்க வழி செய்தார். 1936-ல் இல்லம் அடையாற்றுக்கு இடம் மாறியது. இன்றும் அங்கே பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள்.

உள்வீட்டிலும் கதவு திறந்தே இருந்தது. நடிகர் ஜெமினி கணேசன் நம் புதுக்கோட்டையில் பிறந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். முத்துலட்சுமி அவருக்கு அத்தை. சிறுவயதிலேயே தந்தையை இழந்த அவரைச் சென்னையில் ராமகிருஷ்ண மிஷன் இல்லத்தில் சேர்த்துப் படிக்க வழி செய்தவர் இந்த அத்தைதான்.

நகரத்தில் குழந்தைகளின் நிலைமை அப்போது எப்படி இருந்தது? 1931-ல் அரசு அமைத்த தொழிலாளர் ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது. பீடிப் பட்டறை போன்ற இடங்களில் ஐந்தாறு வயதுப் பிள்ளைகள்கூட நாள் முழுக்க வேலை செய்வதையும், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகளை அடகுவைப்பதையும் அது எழுதியது. சென்னையும் அந்தப் பட்டியலில் இருந்தது. இதன் விளைவாக 1933-ல் குழந்தை உழைப்பை அடகுவைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று ஒரு சட்டம் வந்தது. இனாம் நிலத்துக்குப் பிணையாகும் சிறுமியும் பீடி முதலாளியிடம் அடகாகும் சிறுவனும் ஒரே வழக்கத்தின் இரண்டு முகங்கள்தாம். கடனை வாங்குகிறவர் பெரியவர், அடைக்கிறது பிள்ளை.

தங்கைக்கு ஒரு நினைவுச்சின்னம்

தங்கையின் மரணத்தை அவர் மறக்கவில்லை என்று சொன்னேன் அல்லவா? புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டுப் பார்த்தார். கடைசியில் மாதர் சங்கத்தின் மூலமாக நிதி திரட்ட இறங்கினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் பன்னிரண்டு படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போது அம்மையாருக்கு வயது 67. இளைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதைக் கட்டி வளர்த்தார். அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தவர் டாக்டர் சாந்தா. நம் மாவட்டத்திலிருந்து எத்தனை குடும்பங்கள் ரயிலேறி அடையாறு போய் வந்திருக்கின்றன! 1960-ல் குழந்தைகளுக்கென்றே ஒரு தனிப் புற்றுநோய்ப் பிரிவும் அங்கே வந்தது.

1956-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22-ல், 82 வயது நிறைய எட்டு நாட்கள் இருக்கும்போது, சென்னையில் காலமானார்.

நம் வாசலுக்கு வருவோம்

வாழ்க்கை வரலாறு முடிந்தது. ஆனால் இதை நம் குடியிருப்பு இதழில் எழுதக் காரணம் இருக்கிறது.

அவர் காலத்தில் இல்லாத சட்டங்கள் இன்று நம்மிடம் இருக்கின்றன. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. வீட்டுவேலைக்கு வைப்பது 2006 அக்டோபரிலிருந்தே தடை. 6 முதல் 14 வயதுவரை கட்டாய இலவசக் கல்வி. குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. மாவட்டத்தில் குழந்தைகள் நலக் குழுவும் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் இருக்கின்றன. ஆக, சட்டத்தில் குறையில்லை.

குறை இருந்தால் அது வாசலில்தான் இருக்கும். நம் கேட்டைத் தாண்டி தினமும் யார் யார் வருகிறார்கள் என்று ஒருநாள் கவனியுங்கள். பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவோடு விடுமுறையில் அவர் மகளும் வருகிறாள். முதல் நாள் சும்மா உட்கார்ந்திருப்பாள். மூன்றாம் நாள் துடைப்பம் கையில் இருக்கும். நாம் யாரும் வேலை சொல்லவில்லை, அவளாகத்தான் செய்கிறாள் என்று சொல்லிக்கொள்வோம். காவலாளியின் பையன் மாலையில் படிக்கட்டில் உட்கார்ந்து நம் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கிறான். பக்கத்து மனையில் கட்டடம் எழும்பும்போது வெளிமாநிலத் தொழிலாளர்களின் குழந்தைகள் மணல்மேட்டில் பகல் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் பள்ளியில் சேர்ந்தார்களா என்று யாரும் கேட்பதில்லை.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அம்மையாரைப் போல இல்லம் தொடங்க நம்மால் முடியாது. நம்மால் முடிகிற சிறிய காரியங்கள் நான்கு இருக்கின்றன.

ஒன்று: வேலைக்கு வருகிறவரோடு வரும் பிள்ளை நம் வீட்டில் எந்த வேலையும் செய்யாது என்று ஒவ்வொரு வீடும் முடிவு செய்துகொள்ளலாம். வீட்டில் அவளுக்குப் படிக்க ஒரு மூலை ஒதுக்குவது அவ்வளவு கடினமில்லை.

இரண்டு: நம் கம்யூனிட்டி ஹால் மாலை ஆறிலிருந்து எட்டுவரை பெரும்பாலும் பூட்டியே இருக்கிறது. இங்கே வேலை பார்க்கும் குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்ய அதைத் திறந்துவிடலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வாரம் ஒருநாள் ஒருவர் வந்தாலே போதும்.

மூன்று: விளையாட்டுப் பகுதி குடியிருப்போரின் பிள்ளைகளுக்கு மட்டும் என்ற விதி பல குடியிருப்புகளில் இருக்கிறது. நம்மிடம் அது வேண்டுமா என்று அடுத்த பொதுக்குழுவில் திறந்த மனதோடு பேசுவோம். பராமரிப்புச் செலவு, பாதுகாப்பு, ஊஞ்சல் உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விகள் எல்லாம் நியாயமானவை. அவற்றுக்கு நேரம் ஒதுக்குவது, பெரியவர் ஒருவர் உடன் இருப்பது போன்ற விடைகளும் இருக்கின்றன. மன்னர் கல்லூரியிலும் அன்று நியாயம்போலத் தோன்றிய காரணங்கள்தாம் சொல்லப்பட்டன.

நான்கு: பள்ளி வயதுப் பிள்ளை பகலில் வேலை செய்வதைப் பார்த்தால், குழந்தைத் திருமணம் நடக்கப்போவதாகக் காதில் விழுந்தால், 1098-க்கு ஒரு போன் செய்யுங்கள். கட்டணம் இல்லை. கேட் அறையிலும் மின்தூக்கி அருகிலும் இந்த எண்ணை எழுதி ஒட்டச் சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜூலை 30 அன்று பிள்ளைகளை ஹாலில் கூட்டி அம்மையாரின் கதையைச் சொல்லலாம் என்று சிலர் விரும்புகிறார்கள். நல்ல யோசனை. அன்று நம் பிள்ளைகளோடு காவலாளி வீட்டுப் பிள்ளைகளையும் வேலைக்கு வரும் அம்மாக்களின் பிள்ளைகளையும் கூப்பிடுவோம். எல்லோருக்கும் ஒரே பாய், ஒரே சுண்டல். கதை சொல்ல விருப்பமுள்ளவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.